மட்டியை ஆவியில் அவித்துப் பரிமாறும் முறை

களப்புகளிலும் ஆழங் குறைந்த குடாக்களிலும், சேறு கலந்த மணலிற் புதைந்து வாழும் இரு ஓடுகளையுடைய சிப்பியினமே மட்டியாகும். இலங்கையிற் புத்தளக் களப்பிலும், திருகோணமலைப் பகுதியிற் கிண்ணியாவை அடுத்த கரைகளிலும் நீர் வற்றும் வேளைகளில் இதனைக் கையாற் பொறுக்கி எடுப்பர். மட்டியைச் சமைக்கும் வழிகளுள் ஆவியில் அவித்தலே மிக எளியது. இதற்கு எண்ணெய் வேண்டியதில்லை. விறகும் சிறிதளவே செலவாகும். ஆயினும் ஓடு திறந்தவுடன் மட்டி வெந்துவிட்டது எனக் கருதி அடுப்பிலிருந்து இறக்குவது ஆபத்தான வழக்கமாகும். அதன் காரணத்தையும் சரியான முறையையும் இங்கு விளக்குவோம்.

உணவுப் பெறுமதி

அவித்த மட்டிச் சதையின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு புரதமாகும். கொழுப்பு மிகக் குறைவு. இரும்புச்சத்தும், நாகச்சத்தும், இரத்த விருத்திக்கு இன்றியமையாத உயிர்ச்சத்து பி12 உம் இதில் உள்ளன. எனவே வளரும் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இது சிறந்த உணவாகும். சிப்பி, இறால் முதலியவற்றை உண்டால் உடலிற் தடிப்பு அல்லது மூச்சிரைப்பு ஏற்படுவோர் இதனைத் தவிர்க்க வேண்டும்.

எவ்விடத்து மட்டி நல்லது?

மட்டி இரைதேடித் திரிவதில்லை. தான் இருக்கும் இடத்து நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணிய பொருள்களை வடித்து உண்கின்றது. நீரிலே கழிவு கலந்திருப்பின் அதிலுள்ள நோய்க் கிருமிகளும் மட்டியின் உடலிற் சேரும். ஆகவே ஊர்க் கழிவுவாய்க்கால் வந்து விழும் இடங்களிலும், படகுகளின் எண்ணெய் படியும் துறைகளிலும் மட்டி எடுத்தலாகாது. மழைவெள்ளம் களப்பினுட் புகுந்த பின் சில நாட்கள் பொறுத்திருத்தல் நன்று. கடல்நீர் வழக்கத்திற்கு மாறாகச் செந்நிறமோ கபிலநிறமோ அடைந்திருக்குங் காலத்தில் மட்டியை உண்ணவே கூடாது. அப்போது பெருகும் சில நுண்பாசிகளின் நஞ்சு, எவ்வளவு அவித்தாலும் அழிவதில்லை.

உயிருள்ள மட்டியைத் தெரிதல்

மட்டியின் இரு ஓடுகளையும் இணைக்கும் பிணையலில் இறப்பரைப் போன்ற ஒரு நார் உண்டு. அது ஓடுகளை எந்நேரமும் திறக்கவே முயலும். உள்ளேயுள்ள இரு தசைகள் அவற்றை இழுத்து மூடி வைத்திருக்கின்றன. மட்டி இறந்தால் இத்தசைகள் தளர, ஓடு தானே வாய் பிளக்கும். எனவே ஓடு இறுக மூடியிருத்தல் உயிருள்ள மட்டியின் அடையாளமாகும்.

சிறிது திறந்துள்ள மட்டியை மற்றொரு மட்டியினாற் தட்டுக. அது மெல்ல மூடிக்கொண்டால் உயிருள்ளது, மூடாவிடின் எறிந்துவிடுக. மூடியுள்ளதை விரல்களுக்கிடையிற் பிடித்து ஓடுகளைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்க. எளிதில் நகருமாயின் அது பெரும்பாலும் சேறு நிறைந்த வெற்றோடாகும். அத்தகைய ஓடு ஒன்றே பானை முழுவதையும் பழுதாக்கிவிடும். உடைந்தவற்றையும் துர்நாற்றமுள்ளவற்றையும் விலக்குக.

மட்டியைக் கட்டிய பொலித்தீன் பையில் வைத்தால் மூச்சின்றி இறந்துவிடும். ஈரத்துணியால் மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்து, அன்றே சமைக்க வேண்டும்.

மணலை நீக்குதல்

மட்டியை நன்னீரில் ஊறவிடலாகாது. அதில் அது ஓட்டை மூடிக்கொள்ளும், நெடுநேரமாயின் இறந்துவிடும். ஒரு லீற்றர் தூய நீருக்கு 35 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு மட்டமான மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துக்கொள்க. அகன்ற பாத்திரத்தின் அடியில் துளையுள்ள தட்டொன்றை வைத்து, அதன்மேல் மட்டிகளைப் பரப்பி, அவை மறையுமளவிற்கு உப்புநீரை விடுக. இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் இருக்கும்போது மட்டிகள் மணலைக் கக்கும். மணல் தட்டின் கீழே தங்குவதால் அவை மீண்டும் அதனை உறிஞ்சமாட்டா. பின்னர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஓட்டைத் தேய்த்துக் கழுவுக. இம்முறையால் மணல் நீங்குமேயன்றிக் கிருமிகள் நீங்கா.

அவித்தல்

இரண்டு அல்லது மூன்று பேருக்கு ஒரு கிலோகிராம் மட்டி போதும். மூடியுள்ள அகன்ற பானையில் ஒரு கோப்பை நீர் விட்டு, தட்டிய இஞ்சித் துண்டொன்று, உள்ளி நான்கு பல், மிளகு பத்து, கறிவேப்பிலை ஓர் இணுக்கு ஆகியவற்றை இடுக. மட்டியில் இயல்பாகவே உப்பு இருப்பதால் உப்புச் சேர்க்க வேண்டியதில்லை. நீர் நன்றாகக் கொதித்த பின்னரே மட்டியை இட்டு மூடுக. மட்டிகள் இரண்டு அடுக்கிற்கு மேற்படின் மேலுள்ளவற்றிற்கு வெப்பம் சரியாகச் சென்றடையாது.

கடுந்தீயிற் சில நிமிடங்களுள் ஓடுகள் திறக்கத் தொடங்கும். வெப்பத்தினால் உள்தசைகள் ஓட்டை விட்டுக் கழல்வதே இதன் காரணம். சதையின் நடுப்பகுதி இன்னும் போதிய சூட்டை அடையாதிருக்கும்போதே இது நிகழ்ந்துவிடும். ஈரல் அழற்சியை உண்டாக்கும் ஒருவகை வைரசு அழிவதற்குச் சதையின் உட்பகுதி 90 பாகை செல்சியசு சூட்டில் 90 செக்கன்கள் இருத்தல் வேண்டும். 1988 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சீனாவின் சாங்காய் நகரில், அரைகுறையாக வெந்த சிப்பியை உண்டதனால் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். கழிவுநீரால் மாசுற்ற கடற்பகுதியில் எடுத்த சிப்பியை, ஓடு திறக்குமளவிற்கு மட்டுமே சூடாக்கி உண்டதனால் வந்த கேடு இது.

ஆகையால் எல்லா ஓடுகளும் திறந்த பின், பானையை ஒருமுறை குலுக்கி மீண்டும் மூடி, நீர் கொதித்துக்கொண்டிருக்க மேலும் ஐந்து நிமிடம் அவிக்க வேண்டும். இதனாற் சதை சிறிது சுருங்கலாம். அதனைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் மேலும் நெடுநேரம் அவித்தாற் சதை இறப்பரைப் போலாகிவிடும். முடிவிலும் திறவாதவற்றை எறிந்துவிடுக.

பரிமாறல்

மட்டிகளை ஓட்டுடன் தட்டில் எடுத்து, தேசிக்காய்ப்புளி சிறிது தெளித்துச் சுடச்சுடப் பரிமாறுக. பானையில் எஞ்சிய நீர் மிகுந்த சுவையுடையது, அதனை வீணாக்கலாகாது. அடியிற் படிந்த மணல் கலங்காமல் மெல்லிய துணியில் வடித்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் சேர்த்துக் கொதிக்கவிடுக. பின்னர் தேங்காய்ப் பால் விட்டு, நுரைத்து வரும்போது இறக்குக. இறக்கிய பின்னரே புளி விட வேண்டும்; அடுப்பில் இருக்கும்போது விட்டாற் பால் திரையும். இச்சொதி இடியப்பம், பிட்டு, பாண் ஆகியவற்றிற்கு ஏற்றது. பிள்ளைகளுக்குச் சதையை ஓட்டிலிருந்து எடுத்தே கொடுக்க வேண்டும். சமைத்த மட்டியை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்திருத்தலாகாது.

ஓடுகளின் பயன்

மட்டியோடு பெரும்பாலும் கல்சியங் காபனேற்றினால் ஆனது. ஓடுகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி, சிறு துணிக்கைகளாக இடித்து முட்டையிடும் கோழிகளுக்குத் தனிப் பாத்திரத்தில் வைக்கலாம்; முட்டையோடு உறுதியடையும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தூய நீரிலிருந்து எடுத்த மட்டியையே வாங்குக.
2. சமைக்குமுன் மூடியிருக்க வேண்டும். சமைத்தபின் திறந்திருக்க வேண்டும். மாறாயின் எறிக.
3. உப்புநீரில் மணலைக் கக்க விடுக.
4. ஓடு திறத்தல் வேக்காட்டின் தொடக்கமே, முடிவன்று. திறந்த பின் ஐந்து நிமிடம் அவிக்க.
5. சிறிய மட்டிகளை எடுத்த இடத்திலேயே விடுக. அவை வளர்ந்து பெருகினாற்றான் அடுத்த ஆண்டும் களப்பு நமக்கு உணவளிக்கும்.