செவிலியர் பணித்திறனும் கணினிப் பதிவும்

1823இல் பிரெஞ்சு ஆட்சியின்போது புதுச்சேரியில் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் வழிவந்ததும் 1964இல் இன்றைய பெயரைப் பெற்றதுமான ஜிப்மர், அண்டை மாவட்டங்களான விழுப்புரம், கடலூரிலிருந்தும் நோயாளிகள் நாடிவரும் பெரிய மருத்துவமனையாகும். இத்தகைய மருத்துவமனைகளில் செவிலியர் முறைப்பணியில் மாறிமாறி வருவதாலும், ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவதாலும், யாருக்கு எந்தப் பணியில் தேர்ச்சி உண்டு என்பதைத் தலைமைச் செவிலியர் நினைவில் வைத்தே நடத்திவிட இயலாது.

பணித்திறன் என்பது அறிவும் கைப்பழக்கமும் தக்க நேரத்தில் முடிவெடுக்கும் ஆற்றலும் சேர்ந்ததாகும். இரத்தம் ஏற்றுவதற்கு முன் நோயாளியின் பெயர், மருத்துவமனை எண், இரத்த வகை, பையின் எண் ஆகியவற்றைப் படுக்கையருகிலேயே இன்னொருவருடன் சேர்ந்து சரிபார்ப்பதும், முதல் பதினைந்து நிமிடங்கள் உன்னிப்பாகக் கவனிப்பதும், குளிர்நடுக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அழைப்பதும் எழுத்துத் தேர்வால் மட்டும் உறுதிசெய்யத்தக்கவை அல்ல; செய்யும்போது ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும்.

பணித்திறன் மேலாண்மை மென்பொருள் இவ்வகைத் திறன்களை ஒவ்வொரு செவிலியரின் பெயரிலும் பட்டியலிட்டு, மதிப்பிட்டவர் யார், எப்போது என்பதைப் பதிவுசெய்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி போன்றவை காலாவதியாகுமுன் நினைவூட்டுகிறது. பணிப்பட்டியலுடன் அதை இணைத்தால், தீவிர சிகிச்சைப் பிரிவின் இரவுப்பணியில் வென்டிலேட்டரைக் கையாளத் தெரிந்தவர் இல்லாத நிலை முன்கூட்டியே தெரியவரும்.

நாடளவில், இந்திய செவிலியர் மன்றம் ஆதாருடன் இணைந்த பதிவு மற்றும் கண்காணிப்பு அமைப்பின் வழியாகச் செவிலியருக்குத் தனி அடையாள எண் வழங்குகிறது. பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 150 மணிநேரத் தொடர்கல்வியையும் அது வகுத்துள்ளது. 2020இல் கொரோனா பரவியபோது மத்திய அரசின் ஐகாட் தளம் சுகாதாரப் பணியாளருக்கு இணையவழிப் பாடங்களை அளித்தது. எனினும், மணிக்கணக்கு பயிற்சியில் கலந்துகொண்டதைக் காட்டுமேயன்றிக் கைத்திறனைக் காட்டாது.

ஆகவே, இக்கருவிகளின் பயன் அவற்றில் ஒப்பமிடும் மூத்த செவிலியரின் நேரத்தைப் பொறுத்தது. படுக்கையருகே நின்று மதிப்பிடுவதற்கான நேரத்தை அவருடைய பணியிலேயே ஒதுக்காத மருத்துவமனையில், மென்பொருளும் பழைய பதிவேட்டைப் போலவே ஆய்வுக்கு முந்தைய நாளில்தான் நிரப்பப்படும்.