புலப் பெறுமானங்களை ஒருங்கே மாற்றுதல்

இணையவழி நூற்பட்டியலொன்றின் நாட்டுப்பெயர்ப் புலத்தில் ‘சிலோன்’ என்றிருப்பதை ‘ஸ்ரீலங்கா’ என மாற்றவேண்டியுள்ளதெனக் கொள்வோம். எஸ்.கியூ.எல். மொழியின் ‘அப்டேட்’ கட்டளையொன்றே ஆயிரம் நிரைகளையும் ஒருங்கே மாற்றவல்லது. ஆயின், ‘வெயர்’ என்னும் நிபந்தனை விடுபடின் அட்டவணையின் எல்லா நிரைகளும் மாறிவிடும். எனவே, அந்நிபந்தனைக்கு உட்படும் நிரைகளை முதலில் தெரிந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாற்றத்தைப் பரிவர்த்தனையொன்றினுள் நிகழ்த்தின், பிழை காணுமிடத்து, உறுதிப்படுத்துமுன் பழைய நிலைக்கு மீளலாம்.

பிறிதொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. நாட்டின் பெயர் மாறியது 1972இல். அதற்கு முந்திய நூலின் தலைப்புப் பக்கத்திலுள்ள ‘சிலோன்’ வரலாற்றுச் சான்றாகும். தலைப்புப் பக்கத்தை உள்ளவாறே பதியும் புலத்தை நாம் தொடுதல் தகாது. தேடலுக்குரிய புலத்தை மாற்றுதலே அமையும்.