பலகை பார்த்து ஏறு!
வீட்டுக்குள் பாறையேற்றச் சுவர் கட்டுபவர்கள் பிடிகளைப் பார்க்கிறார்கள். பின்னால் இருக்கும் மரத்தை?

பெங்களூர் கன்டீரவா அரங்கின் செயற்கைச் சுவரில் கை பழகியவர்களுக்கும், வார இறுதியில் ராமநகரப் பாறைகளுக்கு பஸ் ஏறுபவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அந்த ஆசை வந்துவிடுகிறது: வீட்டிலேயே ஒரு சுவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றதில், பிள்ளைகளுக்குப் பெற்றோரிடம் வாதாட ஒரு காரணமும் கிடைத்தது.

வண்ண வண்ணப் பிடிகளுக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள் பலகையில்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தலைகீழ்க் கணக்கு. 60 கிலோ ஆள் தாவி ஒற்றைப் பிடியைப் பற்றும்போது அதில் விழும் விசை அவர் எடையைவிட அதிகம். அதைத் தாங்கும் போல்ட், பலகையின் பின்புறம் பல் பதிந்து நிற்கும் டி-நட்டில் போய் முடிகிறது. மரம் விட்டுக்கொடுத்தால் ஏறுபவர் பிடியோடு கீழே வருவார்.

கடைக்காரர் முதலில் காட்டும் எம்.டி.எஃப்.பும் பார்ட்டிக்கிள் போர்டும் அலமாரிக்குச் சரி. தூளையும் நாரையும் பசையில் அழுத்திச் செய்தவை. டி-நட்டைச் சுற்றிப் பொடிந்துவிடும், ஈரம் பட்டால் உப்பும். அடுத்து பிளாக்போர்டு. கதவுக்கு அருமையான சரக்கு. ஆனால் உள்ளே இருப்பவை மரச்சட்டங்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவே துளை விழுந்தால் டி-நட்டுக்குப் பிடிமானம் ஏது?

மிஞ்சுவது பிளைவுட். ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்ததற்குக் குறுக்கே ஓடுவதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் எளிதில் பிளக்காது. தடிமன் 18 அல்லது 19 மி.மீ. 12 மி.மீ. போதும் என்று தச்சர் சொன்னால், அவர் மனதில் இருப்பது அலமாரி. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தரப் பலகை கொதிநீரையும் தாங்கும் பசையில் ஒட்டியது. மும்பை, கொச்சி போன்ற ஈரக்காற்று ஊர்களில் கூடுதல் விலைக்குத் தகும். உலர்ந்த ஊரில் உள்ளறைச் சுவருக்கு, அடுக்குகள் நெருக்கமாக இருந்தால், ஐ.எஸ். 303 பலகையே போதும்.

முத்திரையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. காட்டில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கட்டுப்படுத்திய பிறகு வடகிழக்கின் பிளைவுட் ஆலைகள் பல முடங்கின; வயலில் வளரும் பாப்லரையும் யூகலிப்டஸையும் நம்பிய யமுனாநகர் முன்னுக்கு வந்தது. பாப்லர் லேசானது, மென்மையானது. கடினமரப் பலகை எட்டுக்கு நான்கடியில் ஏறத்தாழ 35 கிலோ கனக்கும். தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஓரத்தில் அடுக்குகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

மணல் கலந்த பெயின்ட் அழகுதான். விரல் தோலை உரித்துவிடும். மெல்லிய வார்னிஷ் போதும். டி-நட் அத்தனையையும் பலகையைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். சுவரோடு ஒட்டி நிறுத்திய பிறகு பின்பக்கம் கை நுழையாது.