காது அடைத்தாலும் எலும்பு கேட்கும்

மட்டக்களப்பு வாவியில் மீன்பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு, மறுநுனியைக் காதோடு ஒட்டி வைப்பார்கள். காற்றில் கேட்காத ஓசை கட்டை வழியே வந்து சேரும். துடுப்புப் பிடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எலும்புவழிக் கேட்கும் கருவி செய்வதும் இதையேதான்.

ஓசைக்கு இரண்டு பாதை

செவிக்குழாய், செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள் வழியாக ஓசை உட்காதுக்குப் போவது ஒரு பாதை. மண்டை எலும்பு அதிர்ந்து நேரே உட்காதை எட்டுவது மற்றது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் தலைக்குள் பெரிதாகக் கேட்கும்.

யாருக்கு உதவும்?

பிறவியிலேயே செவித்துளை மூடியிருக்கும் பிள்ளைகளுக்கு, ஓயாமல் சீழ் வடிவதால் காதுக்குள் கருவி வைக்க முடியாதவர்களுக்கு, ஒரு காது முற்றாகக் கேளாதவர்களுக்கு உதவும். இரண்டு உட்காதுகளுமே கடுமையாகப் பழுதாகியிருந்தால் இது போதாது.

எத்தனை வகை?

பட்டி வகை: இழுபட்டியில் கோத்த கருவி காதின் பின்னெலும்பில் அழுந்தி அதிரும். சத்திரசிகிச்சை வேண்டாம், கைக்குழந்தைக்கும் கட்டலாம். தோலில் ஒட்டும் வகையும் உண்டு.

திருகு வகை: 1977இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் தொடங்கியது. 3 அல்லது 4 மில்லிமீற்றர் டைட்டேனியத் திருகு எலும்போடு ஒன்றிவிடும். தோலுக்கு வெளியே நிற்கும் முனையில் கருவி பொருந்தும். ஓசை தெளிவாகக் கிடைக்கும். ஆனால் அந்த இடத்தை நாளும் சுத்தம் செய்யாவிட்டால் சீழ்பிடிக்கும்.

காந்த வகை: தோலுக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். அதிர்வு தோலைக் கடக்கும்போது சற்றுத் தேயும். அதிரும் பகுதியையே தோலுக்கு அடியில் வைக்கும் ‘போன்பிரிட்ஜ்’ 2012இல் வந்தது. காந்தம் பொருத்தியவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காத்திருக்க வேண்டாம்

திருகு பொருத்த எலும்பு தடிக்க வேண்டும்; பொதுவாக 5 வயதாகும். அதுவரை சும்மா இருந்தால் பிள்ளை பேச்சுப் படிக்கும் காலம் போய்விடும். “வளர்ந்தால் சரியாகும்” என்று விடாமல் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். சீழ் வடியும் காதில் எண்ணெய் விடாதீர்கள். கடலில் குளிக்கும்போது தண்ணீர் புகவிடாதீர்கள்.

உட்காது நன்றாக இருக்கும் பிள்ளைக்கு, பட்டி கட்டிய அன்றே அம்மாவின் குரல் போய்ச் சேரும்.