பாஸ்வேர்டு யாரிடம் இருந்தது?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறியவர்களுக்குக் கோலியனூர் கூட்டுரோடு தெரிந்திருக்கும். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை போடுகிற கிராமங்கள். இந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் உரக்கடை மாதிரியே தேவையாகிப் பல வருடம் ஆகிறது. சிட்டா எடுக்க, பயிர்க் காப்பீடு போட, மானியத்துக்கு எழுத என்று எதற்கும் ஒரு கம்ப்யூட்டரும் அதைத் தட்டத் தெரிந்த ஒரு தம்பியும் வேண்டும்.

2020 ஊரடங்கில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கிராமங்களில் ஒரு பேச்சு கிளம்பியது. கொரோனாவுக்காக மத்திய அரசு பணம் போடுகிறது, ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக் ஜெராக்ஸும் கொடுத்தால் போதும் என்றார்கள். வேலை வெட்டி இல்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த ஜனம் கொடுத்தது. சொன்னபடியே கணக்கில் 2,000 ரூபாய் ஏறியது, சிலருக்கு 4,000. எழுதிக் கொடுத்த இடைத்தரகருக்கு அதில் ஒரு பங்கு போனது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் அரசாங்கத்தின் கணக்கில் விவசாயிகள் ஆனார்கள்.

அந்தப் பணம் கொரோனா பணம் இல்லை. பி.எம். கிசான் திட்டத்தின் பணம். 2019 பிப்ரவரியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், சொந்த நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், மூன்று தவணையாக, நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். முதலில் ஐந்து ஏக்கர் வரை என்றிருந்த வரம்பை அதே வருடம் எடுத்துவிட்டார்கள். நிலம் இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் தர வேண்டிய பொறுப்பு மாநில அரசுடையது. தமிழ்நாட்டில் அதற்கான லாகின், மாவட்டத்திலும் வட்டாரத்திலும் உள்ள வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

2020 ஆகஸ்ட் மாதம் குட்டு உடைந்தது. பதிவுகள் இயல்புக்கு மீறி ஏறியதைப் பார்த்து விசாரித்தபோது, முதலில் மாட்டியவற்றில் கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும் இருந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. செப்டம்பரில் வேளாண்மைத் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்கைச் சொன்னார்: 13 மாவட்டங்களில் சுமார் ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்கள், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. பிறகு மத்திய வேளாண் அமைச்சகம் தந்த விவரத்தில், சரிபார்த்த 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியற்றவை என்றும், 96 ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், 34 அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை என்றும் இருந்தது.

இவ்வளவும் நடக்க யாரும் சர்வரை உடைக்கவில்லை. ஹேக்கர் என்று சொல்லத்தக்க ஆள் இந்தக் கதையில் கிடையாது. அதிகாரியின் யூசர் ஐடி, அதிகாரியின் பாஸ்வேர்டு, முறையான வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். போனது அதிகாரி இல்லை, அவ்வளவுதான். ஒப்பந்த ஊழியர், அவர் வழியாகத் தரகர், அவர் வழியாகக் கம்ப்யூட்டர் சென்டர் என்று அந்த எழுத்துகள் கைமாறியிருந்தன. விவசாயி தானே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்று வந்த வசதியும் சேர்ந்துகொண்டது. விண்ணப்பத்தைப் போடுகிற கையிலேயே ஒப்புதல் தருகிற லாகினும் இருந்தால் நடுவில் யார் கேட்பது?

பாஸ்வேர்டு கைமாறியதை வெறும் பேராசை என்று எழுதிவிட்டுப் போகலாம், எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் அரசு அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உதவி இயக்குநருக்கு விதை, உரம், மானியம், வயல் ஆய்வு, கலெக்டர் ஆபீஸ் கூட்டம் என்று நாள் ஓடிவிடும். இலக்கை முடித்தீர்களா என்று மேலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் உட்காருவது தொகுப்பூதியத்தில் இருக்கும் இளைஞர். அவருக்கென்று தனி லாகின் கிடையாது. அதனால் சார் தன்னுடையதைச் சொல்கிறார், தம்பி ஒரு தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறார். அன்றைக்கு அது மோசடி இல்லை, வேலை நடக்க வேறு வழி இல்லாததால் செய்த ஏற்பாடு. மோசடி பின்னால்தான் வந்து சேர்ந்தது, அது வரும்போது பூட்டு ஏற்கெனவே திறந்து கிடந்தது. கதவுக்குப் பத்துப் பேர் சாவி வைத்திருந்த பிறகு, எந்த ஒப்புதலை யார் கொடுத்தார் என்று கம்ப்யூட்டரில் தேடினால் அதிகாரியின் பெயர்தான் வரும்.

இதில் ஆதார் என்ன செய்தது என்று கேட்கலாம். பணம் வாங்கியவர்கள் நிஜமான ஆட்கள், ஆதாரும் நிஜம். இவர் இன்னார்தான் என்று ஆதார் சொல்லும். இவருக்கு நிலம் உண்டா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் மனிதர், அவருடைய இடத்தில் பாஸ்வேர்டு மட்டும் உட்கார்ந்திருந்தது.

பாஸ்வேர்டு கசிவது இந்த மாவட்டங்களில் மட்டும் நடப்பதில்லை. 2018 ஜனவரியில் சண்டிகரின் ட்ரிப்யூன் பத்திரிகை நிருபர் ஒருவர் வாட்ஸ்அப் தரகரிடம் 500 ரூபாய் கொடுத்து ஆதார் விவரங்களைப் பார்க்கும் லாகின் ஒன்றை வாங்கிக் காட்டினார். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் ஊடுருவல் நடந்தபோது, ஒரு அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு வெளியே போனதுதான் வழி என்று காவல்துறையே விளக்கம் கொடுத்தது. அமெரிக்காவில் 2021 மே மாதம் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் எரிபொருள் குழாய் பல நாள் நின்றுபோனது. உள்ளே நுழைந்த வழி, புழக்கத்தில் இல்லாமல் மூடாமலே விட்டுவைத்த ஒரு பழைய கணக்கு. அதற்கு ஓடிபி போன்ற இரண்டாவது காவலும் கிடையாது. பணக்கார நாட்டுக் கம்பெனிக்கும் நம்மூர் அக்ரி ஆபீசுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பணத்தைத் திரும்ப வசூலித்த விதம் தனிக் கதை. வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள், கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டார்கள். மத்திய அமைச்சகம் அந்த விவரத்தைத் தந்த வரையில் 61 கோடி திரும்பியிருந்தது. கொடுத்தவர்களில் கொரோனா பணம் என்று நம்பி வாங்கிய கூலிக்காரர்களும் உண்டு. தரகருக்குப் போன கமிஷனையும் சேர்த்து அவர்கள்தான் கட்ட வேண்டியிருந்தது. வேலை போனவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியக்காரர்கள். ஒரே லாகினில் பதிவும் ஒப்புதலும் நடக்கலாம் என்று ஏற்பாடு செய்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன்பின் வட்டார, மாவட்ட லாகின்களை முடக்கினார்கள். 2022-ல் இ-கேஒய்சி கட்டாயமானது. இன்று தவணை வர விவசாயி ஓடிபி சொல்ல வேண்டும், அல்லது விரல் ரேகையோ முகமோ காட்ட வேண்டும். மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த கிழவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தரும் பதிவும் தொடங்கிவிட்டது. நிலம், ஆதார் எல்லாம் ஒரே எண்ணில் சேர்கிறது. இனி ஒரு லாகின் தவறான கைக்குப் போனால் 2,000 ரூபாயோடு நிற்காது.

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கம்ப்யூட்டரில் உட்காரும் ஒவ்வொருவருக்கும், அவர் ஒப்பந்த ஊழியராகவே இருந்தாலும், அவர் பெயரில் தனி லாகின் வேண்டும். பதிகிறவர் ஒப்புதல் தரக்கூடாது. வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்று மாலையே மூட வேண்டும். ஒரு வட்டாரத்தில் ஒரே நாளில் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஒப்புதல் போனால் மேலே மணி அடிக்க வேண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்பதையும் அந்த மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டி வைக்கலாம்.

உங்கள் கூட்டுறவு சங்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ கடையிலோ உங்கள் பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரியும் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அவருக்கென்று ஒன்று கேட்டு எழுதிப் போடுங்கள்.