விமானிகளின் உரையாடலை வானொலியில் கேட்கலாமா? ஸ்கேனர் இயங்கும் விதமும் சட்டம் வகுக்கும் எல்லையும்

புணே: புணே நகரின் லோஹேகாவ், விமான் நகர் பகுதிகளில் வசிப்போருக்கு விமானங்களின் இரைச்சல் அன்றாட வாழ்வின் ஒரு பகுதி. பயணிகள் விமானங்கள் ஒருபுறம், விமானப் படையின் சுகோய் போர் விமானங்கள் மறுபுறம் என ஒரே ஓடுபாதையில் இரண்டும் மாறி மாறி எழும்பும் காட்சியை மொட்டை மாடியிலிருந்தே காண முடியும். அவ்வாறு பார்ப்பவர்களில் சிலருக்கு, விமானியும் கட்டுப்பாட்டு அறையும் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதைக் கேட்க வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே.

அந்த ஆவலை நிறைவேற்றும் கருவியின் பெயர் 'ஸ்கேனர்'. பல அலைவரிசைகளை அடுத்தடுத்து நொடிப்பொழுதில் தேடி, எதில் பேச்சு ஒலிக்கிறதோ அதில் நின்றுவிடும் கையடக்க வானொலி அது. அமெரிக்காவில் அது ஒரு பொழுதுபோக்கு. இந்தியாவிலோ, உரிய அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவோர் வழக்கைச் சந்திக்க நேரிடலாம்.

தில்லியில் நடந்தது என்ன?

2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனைச் சேர்ந்த 2 பேர் தில்லி சர்வதேச விமான நிலையத்துக்கு அருகே உள்ள விடுதியில் தங்கியிருந்தபோது காவல் துறையினரால் கைது செய்யப்பட்டனர். விமானங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது தங்களின் பொழுதுபோக்கு என அவர்கள் தெரிவித்தனர். எனினும், அவர்களிடம் இருந்த கருவிகளில் விமானங்களின் சமிக்ஞைகளைப் பெறும் சாதனமும் இடம்பெற்றிருந்ததால், 1885-ஆம் ஆண்டின் இந்திய தந்திச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவு செய்யப்பட்டது. ஏறத்தாழ 2 மாதங்கள் அவர்களால் நாடு திரும்ப இயலவில்லை. இறுதியில் தலா ரூ.25,000 அபராதம் விதிக்கப்பட்டு, அவர்கள் அனுப்பிவைக்கப்பட்டனர்.

இதே போன்ற நிகழ்வு 2001-ஆம் ஆண்டு நவம்பரில் கிரீஸ் நாட்டின் கலமாட்டா நகரிலும் நடைபெற்றது. விமானப் படைத் தளத்தில் விமானங்களைப் பார்வையிட்ட பிரிட்டன், நெதர்லாந்து நாட்டவர்கள் உளவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டனையும் பெற்றனர். ஓராண்டுக்குப் பிறகே மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். பொழுதுபோக்குக்கும் குற்றத்துக்கும் இடையிலான கோடு எங்கே வரையப்படுகிறது என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தனித்தனியே தீர்மானிக்கிறது என்பதையே இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

விமானங்கள் பேசும் அலைவரிசை

சென்னையிலோ புணேயிலோ பண்பலை வானொலி கேட்பவர்கள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளை அறிவர். அது முடியும் 108 மெகாஹெர்ட்ஸில்தான் விமானத் துறையின் எல்லை தொடங்குகிறது. 108 முதல் ஏறத்தாழ 118 மெகாஹெர்ட்ஸ் வரை, விமானத்துக்கு வழிகாட்டும் தரைக் கருவிகளின் சமிக்ஞைகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கு மேல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறைகளுக்கும் இடையிலான பேச்சுக்கு உரியது. உலகம் முழுவதும் இதே ஒதுக்கீடுதான்.

25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இந்தப் பகுதியைப் பிரித்தால் 760 தடங்கள் கிடைக்கும். விமான நெரிசல் மிகுந்த ஐரோப்பாவில் இந்த இடைவெளி 8.33 கிலோஹெர்ட்ஸாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதனால் ஒரே பரப்பில் மூன்று மடங்கு தடங்கள் அங்கே பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உலகெங்கும் ஆபத்துக் கால அழைப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. ராணுவ விமானங்கள் இவற்றோடு, 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தனிப் பகுதியையும் பயன்படுத்துகின்றன.

இசை கேட்பதற்குத் தெளிவான பண்பலை முறை இருக்கும்போது, விமானத் துறை இன்றளவும் பழைய 'ஏஎம்' முறையையே கையாள்வது ஏன் என்ற கேள்வி எழலாம். பண்பலையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சமிக்ஞை மட்டுமே கேட்கும். மற்றொன்று சுவடின்றி மறைந்துவிடும். ஏஎம் முறையிலோ இரண்டும் மோதிக் கீச்சென்ற ஒலி எழும். யாரோ ஒருவரின் செய்தி கேட்கப்படாமல் போனது என்பதாவது கட்டுப்பாட்டாளருக்குத் தெரிந்துவிடும்.

1977-ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் உயிரிழந்தனர். ஒரு விமானம் இன்னும் ஓடுபாதையில்தான் உள்ளது என்ற செய்தி, ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் எழுந்த கீச்சொலியில் மற்றொரு விமானத்தின் விமானியறைக்குத் தெளிவாக எட்டவில்லை. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும் என்ற எளிய விதியின் முக்கியத்துவத்தை அந்த விபத்து உணர்த்தியது.

ஸ்கேனரில் அலைவரிசைகளைப் பதிவது எவ்வாறு?

ஸ்கேனர் பயன்பாட்டுக்கு அனுமதியுள்ள நாடுகளில் அதைப் புதிதாக வாங்குவோர் முதலில் தடுமாறுவது அதை இயக்குவதில் அல்ல. அதில் அலைவரிசைகளைப் பதிவதில்தான். அதன் அடிப்படை எளிமையானது.

முதலில், விமான நிலையத்தின் அலைவரிசைப் பட்டியல் தேவை. எல்லா நாடுகளும் வான்வழித் தகவல் வெளியீடு என்ற தொகுப்பில் இதை வெளியிடுகின்றன. இந்தியாவில் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் இத்தொகுப்பை வெளியிடுகிறது. ஒரே விமான நிலையத்துக்குப் பல அலைவரிசைகள் உண்டு. நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரையிலான நகர்வுக்கு ஒன்று, புறப்பாடு மற்றும் தரையிறக்கத்துக்கான கோபுரத்துக்கு ஒன்று, விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களுக்கு ஒன்று, நெடுந்தொலைவு வான்பகுதிக்கு வேறொன்று எனப் பணிக்கேற்ப அவை பிரிக்கப்பட்டுள்ளன.

இரண்டாவதாக, ஒவ்வோர் அலைவரிசையையும் கருவியின் நினைவகத்தில் ஒரு தடமாகப் பதிய வேண்டும். பதியும்போது ஏஎம் முறையும் சரியான இடைவெளியும் தேர்வு செய்யப்பட்டுள்ளனவா எனச் சரிபார்ப்பது அவசியம். பண்பலை முறையில் பதிந்துவிட்டால், பேச்சு சிதைந்தே கேட்கும். எண்களை நினைவில் கொள்வது கடினம் என்பதால் 'கோபுரம்', 'தரை' எனப் பெயரிடுவதும், ஒரு விமான நிலையத்தின் தடங்களை ஒரே தொகுதியில் வைப்பதும் நடைமுறை.

மூன்றாவது, 'ஸ்க்வெல்ச்' எனப்படும் இரைச்சல் தடுப்பு. பேச்சில்லாத நேரத்தில் எழும் இரைச்சலை இது அடக்குகிறது. இதைக் குறைவாக வைத்தால் கருவி வெறும் இரைச்சலையே பேச்செனக் கருதி அங்கேயே நின்றுவிடும். அதிகமாக வைத்தாலோ தொலைவிலுள்ள விமானத்தின் குரல் கேட்காது. இரைச்சல் மறையும் புள்ளிக்குச் சற்று மேலே வைப்பதே சரியானது.

நான்காவது, தேடலை ஒழுங்குபடுத்துவது. பெரிய விமான நிலையங்களில் வானிலையையும் ஓடுபாதை விவரங்களையும் இடைவிடாமல் ஒலிபரப்பும் தடம் ஒன்று இருக்கும். அதைத் தேடலிலிருந்து விலக்காவிட்டால் கருவி அதிலேயே நின்றுவிடும். ஒரு பேச்சு முடிந்ததும் 2 விநாடிகள் காத்திருக்கும்படி அமைத்தால், பதிலையும் சேர்த்துக் கேட்கலாம்.

இறுதியாக, ஆன்டெனா. இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் சுமார் 400 கி.மீ. தொலைவு வரை எட்டக்கூடும். ஆனால், சில கி.மீ. தொலைவிலுள்ள கோபுரத்தின் குரல் கட்டடங்களாலும் குன்றுகளாலும் மறைக்கப்படலாம். விமானியின் பதில் மட்டும் கேட்டு, கேள்வி கேட்காமல் போவது இதனால்தான். சுமார் 59 செ.மீ. நீளமுள்ள செங்குத்தான கம்பியே இந்த அலைகளுக்குப் பொருத்தமானது.

உயிர் காக்கும் சொற்கள்

கருவியை அமைத்த பின்னரும், பேசப்படும் மொழி புரிவதற்குப் பழக்கம் தேவை. '3' என்பதை 'ட்ரீ' எனவும், '5' என்பதை 'ஃபைஃப்' எனவும், '9' என்பதை 'நைனர்' எனவும் உச்சரிப்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் நடைமுறை. கட்டுப்பாட்டாளர் கூறும் உயரத்தையும் ஓடுபாதை எண்ணையும் விமானி அப்படியே திருப்பிக் கூற வேண்டும். டெனரீஃப் விபத்துக்குப் பிறகு, 'டேக்-ஆஃப்' என்ற சொல், புறப்பட அனுமதி அளிக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்தப்படுகிறது. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றே கூறப்படும்.

இந்தியாவும் இதற்குப் பெரும் விலை கொடுத்துள்ளது. 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் உயிரிழந்தனர். 15,000 அடி உயரத்தில் பறக்க அறிவுறுத்தப்பட்டிருந்த கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என நீதிபதி லஹோட்டி ஆணையம் கண்டறிந்தது. அந்த விமானக் குழுவினரின் ஆங்கிலப் புரிதல் குறித்த கேள்விகளும் அப்போது எழுந்தன.

புணே ஏன் வேறுபடுகிறது?

1939-ஆம் ஆண்டில் ராணுவ விமானத் தளமாகத் தொடங்கப்பட்ட லோஹேகாவ் இன்றும் விமானப் படைக்கு உரியது. பயணிகள் முனையம் மட்டுமே இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. ஓடுபாதையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் விமானப் படையிடம் உள்ளன. 2002-ஆம் ஆண்டில் சுகோய்-30 எம்கேஐ போர் விமானங்கள் முதன்முதலில் படையில் சேர்க்கப்பட்டதும் இங்கேதான். 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் விமானப் படை ஓடுபாதையைச் சீரமைத்தபோது, சுமார் 2 வாரங்களுக்குப் பயணிகள் விமானச் சேவை முழுவதும் நிறுத்தப்பட்டது.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று இங்கிருந்து தில்லிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா ஏ321 விமானம், ஓடுபாதையில் ஜீப் ஒன்றும் ஒருவரும் இருப்பதைக் கண்டு, வழக்கத்துக்கு முன்னரே மேலெழும்பியது. அதன் பின்பகுதி சேதமடைந்தபோதிலும், விமானம் பாதுகாப்பாகத் தில்லியில் தரையிறங்கியது. இதையடுத்து, விமானியறைக் குரல் பதிவுக் கருவியை ஆய்வுக்கு உட்படுத்துமாறு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவுறுத்தியது. இங்கு பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் பயணிகளின் உயிரோடும் நாட்டின் பாதுகாப்போடும் ஒருசேரத் தொடர்புடையது.

சட்டம் கூறுவது என்ன?

அலைவரிசைப் பட்டியல் பொதுவெளியில் இருப்பதால், அதைக் கேட்பதற்கும் அனுமதி உண்டு எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். 1933-ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவிகளை வைத்திருப்பதையே தடை செய்தது. இச்சட்டத்தையும் 1885-ஆம் ஆண்டின் சட்டத்தையும் அகற்றி அவற்றின் இடத்தில் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம், 2023, கடந்த 2024-ஆம் ஆண்டு ஜூன் 26 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. செய்திகளைச் சட்டவிரோதமாக இடைமறிப்போருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.2 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அதன் 42-ஆவது பிரிவு வகை செய்கிறது.

சாதாரண வானொலிப் பெட்டிக்கு இன்று உரிமம் தேவையில்லை. குறைந்த திறன் கொண்ட வாக்கி-டாக்கிகளுக்கும் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை விலக்கு உண்டு. விமானத் துறையின் அலைவரிசைகள் அந்த விலக்கில் இடம்பெறவில்லை. இணையத்தில் விற்கப்படுவதாலேயே ஒரு கருவி சட்டபூர்வமானது ஆகிவிடாது. ஒப்புதல் பெறாத வாக்கி-டாக்கிகளின் விற்பனை தொடர்பாக 2025-ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மின்வணிக நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதுடன், வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது.

பிற நாடுகளிலும் நிலைமை ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் விமான உரையாடலைக் கேட்பதற்குச் சட்டத்திலேயே விலக்கு உள்ளது. பிரிட்டனில் ஸ்கேனர் விற்பனைக்குத் தடையில்லை. எனினும், அனுமதியின்றி விமான உரையாடலைக் கேட்பது சட்டப்படி குற்றமே.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள்

ஆர்வமுள்ளோருக்கு இரண்டு வழிகள் திறந்துள்ளன. ஒன்று, அமெச்சூர் வானொலி எனப்படும் 'ஹாம்' உரிமம். 12 வயது நிறைந்தவர்கள் இதற்கான தேர்வை எழுதலாம். உரிமம் பெற்றவர்கள் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைப் பயன்படுத்தலாம். விமான அலைவரிசைகளுக்குச் சற்று மேலே உள்ள பகுதி இது. தடங்களைப் பதிவது, இரைச்சலைத் தடுப்பது, ஆன்டெனா அமைப்பது ஆகிய திறன்கள் அனைத்தும் இங்கும் அப்படியே தேவைப்படும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி வீரர்கள் பேசுவதையும் கேட்கலாம். ஆனால், இந்த உரிமம் விமான உரையாடலைக் கேட்பதற்கான அனுமதி அல்ல.

மற்றொன்று, விமானியாக விரும்புவோர் பெறும் வானொலித் தொலைபேசிச் சான்றிதழ். தொலைத்தொடர்புத் துறை வழங்கிவந்த இச்சான்றிதழ், பாரதிய வாயுயான் சட்டம் 2025-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்ததையடுத்து விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் கொண்ட இதில், மொட்டை மாடியில் கேட்க விரும்பிய அதே உரையாடலைத் தேர்வாளர் தாமே பேசிக் காட்ட வேண்டும்.

விமானங்களைப் பார்த்து ரசிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால், லோஹேகாவ் போன்ற விமானப் படைத் தளத்தின் அருகே வசிப்போர், ஸ்கேனரை வாங்கும் முன் அதற்கு உரிமம் தேவையா என்பதை அறிந்துகொள்வது அவசியம். தில்லியில் 2 மாதங்கள் சிக்கிக்கொண்டவர்களும் தங்களின் செயலைப் பொழுதுபோக்கு என்றே கருதியிருந்தனர்.