கிணற்றடிக்குப் போகுமுன்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனையோ வீடுகள் சுண்ணக்கற் பாறையிடையே தேங்கிய நிலத்தடி நீரையே நம்பியிருக்கின்றன. அதில் உவர் ஏறுகிறதா என்பதைச் சொல்வது மின்கடத்துதிறன் மானி. மானி பிழைத்தால் நல்ல கிணற்றைக் கைவிடுவோம், கெட்டதை நல்லதென்போம்.

நியமக் கரைசலில் மானியைத் திருத்துமுன் செய்யவேண்டிய ஆயத்தத்திலேதான் நாம் அவசரப்படுகிறோம். உணரியில் வெள்ளைச் சுண்ணப்படிவு இருந்தால் சிறிது நேரம் வினாகிரியில் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் நன்றாக அலசுங்கள். பீ.எச். மானியின் கண்ணாடிக் குமிழைச் சாரத் தலைப்பால் தேய்க்கக் கூடாது (நானும் தேய்த்தவன்தான்). மென்தாளால் ஒற்றினாற் போதும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வைப்பதும் தவறு. பொற்றாசியங் குளோரைட்டுக் கரைசலே அதற்கு ஏற்றது.

இரண்டையும் திருத்துவதானால் மின்கடத்துதிறனை முதலில் முடியுங்கள். பீ.எச். தாங்கற் கரைசலில் உப்பு அதிகம். ஒட்டிவரும் சில துளிகளே 1413 மைக்ரோசீமன்சு நியமத்தைக் கெடுத்துவிடும். அந்த 1413 என்பது 25 பாகை செல்சியசுக்குரிய அளவு. ஒரு பாகை கூடினால் ஏறக்குறைய 2 சதவீதம் மாறும். ஆகவே வெயிலில் சூடேறிய போத்தலை நிழலில் ஆறவிடுங்கள்.

கையுறை அணியுங்கள். பாவித்த கரைசலைத் திரும்பப் போத்தலில் ஊற்றவேண்டாம், கிணற்றடியிலும் ஊற்றவேண்டாம். சோடாப் போத்தலில் சேமித்து வைப்பதோ மகா ஆபத்து: தாகத்தோடு வரும் பிள்ளைகள் பெயர்ச்சீட்டை வாசிப்பதில்லை.